பாலைக் குழை, பழைய பேப்பர், சைக்கிள் ரியூப்: வன்னியில் தாவர மாதிரி எடுக்கப் பழகுபவர்களுக்கு

வேப்பிலை ஒன்று பிடுங்கி வா என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அரிவாள் போல வளைந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும் அந்தச் சின்னப் பச்சைத் துண்டைத்தான் கிள்ளிக்கொண்டு வருவார்கள். தாவரவியல் கணக்கில் அது இலை இல்லை, சிற்றிலை. நடுவில் ஓடும் ஈர்க்கும் அதன் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் சிற்றிலைகளும் சேர்ந்ததுதான் ஒரு வேப்பிலை. எப்படிக் கண்டுபிடிப்பது? காம்பு கொப்போடு சேரும் மூலையைப் பாருங்கள், அங்கே ஒரு குட்டி மொட்டு இருக்கும். அந்த மொட்டுக்கு மேலே தொடங்குவது முழுவதும் ஒரே இலை. சிற்றிலையின் அடியில் மொட்டு இருக்காது. இதை விளங்கிக்கொண்டாலே புதிதாக மாதிரி எடுப்பவர்கள் விடுகிற தவறில் பாதி குறைந்துவிடும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் முதல் ஒப்படை கையில் கிடைத்தவர்கள், காட்டோரத்தில் தோட்டம் செய்துகொண்டு செடி கொடிகளில் ஆசை வைத்திருப்பவர்கள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இலையோடு ஒரு கொப்பை, அதாவது குழையை, வெட்டிப் பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிக் குறிப்போடு வைப்பதைத்தான் மாதிரி எடுப்பது என்கிறோம்.

காய்ந்த ஒரு குழையில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 1670களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த பவுல் ஹேர்மன் இங்கே சேர்த்து ஒட்டிவைத்த செடிகள் இன்றைக்கும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததே இல்லை. அந்தக் காய்ந்த செடிகளை வைத்துத்தான் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். வன்னிக்கு இந்த வேலை இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். 1983 தொடங்கி 2009 வரை நீண்ட போருக்குள் வெளியிலிருந்து ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிம்மதியாக இங்கே செடி சேர்க்க முடியவில்லை, அந்தக் காலத்தில் எரிந்ததும் வெட்டுப்பட்டதும் பிறகு மீள்குடியேற்றத்தோடு துப்புரவாக்கப்பட்டதும் எவ்வளவோ. இந்த மரம், இந்தக் குளக்கட்டில், இந்தத் தேதியில் நின்றது என்பதற்கு ஒரு சாட்சி வைப்பதுதான் நாங்கள் செய்யப்போகிற வேலை. சாட்சிக்குப் பெயரும் ஊரும் தேதியும் வேண்டும், அதனால்தான் கீழே குறிப்பெழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.

கால் வைக்கும் இடம்

எந்தச் செடியும் ஒரு காலுக்கு ஈடாகாது. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்துவந்தாலும், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையோ சிவப்பு பூசிய கட்டைகளோ நிற்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு அருமையான பூ பூத்திருந்தாலும் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் பழைய மண் அணைகள், பங்கர்கள், ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைகள் என்றால் தள்ளி நில்லுங்கள். ஊர் ஆட்களிடம் கேட்டு, மாடு போய் வருகிற, விறகுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையிலேயே நடவுங்கள். பாதையோரத்திலேயே ஒரு வருடத்துக்குப் போதுமான செடி இருக்கிறது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் என்றால் யானை, எங்கே போனாலும் சருகுக்குள் புடையன் பாம்பு. மூடிய சப்பாத்து போடுங்கள், தனியாகப் போகாதீர்கள், எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அனுமதி விடயமும் அப்படித்தான். ஒதுக்குக் காடுகளில் எதையும் வெட்ட வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுண்டிக்குளம், மடு வீதி போன்றவை 2015இல் தேசிய பூங்காக்களாகிவிட்டன, அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு இலையும் கிள்ளக் கூடாது. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் பட்டியல் ஒன்றே இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் என்றால் துறை மூலமாக விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் சொந்த வளவில் தொடங்குங்கள். வேலியில் நிற்கும் கிளுவை, பூவரசு, முள்முருக்கு, ஆடாதோடை, கிணற்றடியில் முளைத்த குப்பைமேனி, தும்பை, நாயுருவி, இவற்றில் கை பழகிய பிறகு காட்டுப் பக்கம் போகலாம். வேறொருவரின் காணி என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் அவர்களே கூட வந்து மரத்தின் பெயரும் சொல்வார்கள்.

எப்போது போவது

வாடை மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். மழை ஓய்ந்து நிலம் ஈரமாக இருக்கும் தை, மாசியில் வயல் வரம்பிலும் குளக்கரையிலும் சின்னச் சின்னச் செடிகள் பூத்துக் குலுங்கும், சேகரிக்க அதுதான் நல்ல காலம். ஆனால் காயவைக்கச் சுகமான காலம் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்கள்தான், இரண்டே நாளில் பேப்பர் மொரமொரவென்று ஆகிவிடும். பாலை, வீரை மாதிரி மரங்களைக் காயோடும் பழத்தோடும் பிடிக்க அந்தக் காலத்திலேயே போகலாம்.

நாளில் எந்த நேரம் என்றால் காலை பனி காய்ந்த பிறகு. நனைந்த இலையை அழுத்தினால் கறுத்துப்போகும்.

சாமான்கள்

அழுத்தும் சட்டம் கடையில் வாங்க வேண்டியதில்லை. சுமார் 30 சென்ரிமீற்றர் அகலம், 45 சென்ரிமீற்றர் நீளத்தில் இரண்டு பலகை, ஒட்டுப்பலகை என்றாலும் சரி, மெல்லிய மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் ஆணியடித்த தட்டி என்றாலும் சரி. தட்டிதான் நல்லது, இடைவெளியால் காற்று போகும். உள்ளே வைக்கப் பழைய செய்தித்தாள். வீட்டில் வாங்கும் வீரகேசரியோ உதயனோ எதுவும் பரவாயில்லை, வழுவழுப்பான வர்ணச் சஞ்சிகைத் தாள் மட்டும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. பிஸ்கட் பெட்டி, சவர்க்காரப் பெட்டியின் காட்போட் மட்டைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மட்டைக்குள்ளே அலை அலையாக ஓடும் குழாய்கள் அகலப் பக்கமாக, அதாவது குறுகிய வழியாக, ஓட வேண்டும். அந்தக் குழாய்களுக்குள்ளால்தான் காற்று புகுந்து ஈரத்தைக் கொண்டுபோகும்.

கட்டுவதற்குச் சைக்கிள் ரியூப். கயிறும் நல்லதுதான், ஆனால் செடி காயக் காயக் கட்டு மெலிந்து கயிறு தொய்ந்துவிடும், அந்தத் தொய்வில் இலை சுருங்கிவிடும். ரியூப்பை நீளமாக வெட்டி இழுத்துக் கட்டினால் கட்டு மெலிய மெலிய அதுவும் தானாக இறுக்கிக்கொண்டே வரும். பழைய ரியூப் இரண்டு கேட்டால் சைக்கிள் திருத்துகிற கடையில் சும்மாவே தருவார்கள்.

இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், சின்ன மண்வெட்டி அல்லது அலவாங்குத் துண்டு, உயரக் கொப்புக்கு மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடி, பெரிய பொலித்தீன் பைகள், நூல் கட்டிய சின்ன அட்டைத் துண்டுகள், ஒரு கொப்பி, பென்சில். பேனா வேண்டாம், மழையிலும் வியர்வையிலும் மை கரைந்துவிடும்.

எதை வெட்டுவது

தனி இலையை வைத்து இனம் கண்டுபிடிப்பது கஷ்டம். கணு, இலை எதிரெதிராகவா மாறி மாறியா நிற்கிறது, பூ எங்கே இருந்து வருகிறது, இவ்வளவும் தெரிகிற மாதிரி ஒரு அடி நீளக் குழையாக வெட்டுங்கள். பாலையில் பாருங்கள், தடித்த இலைகள் கொப்பு நுனியில் நெருக்கமாக நிற்கும், இலை நுனி கூராக இல்லாமல் நடுவில் சிறு வெட்டோடு உள்வாங்கி இருக்கும், காம்பை ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். தனி இலை கொண்டுபோனால் நுனியின் வெட்டு மட்டும்தான் மிஞ்சும். பால் வந்ததை எழுதாவிட்டால் அதுவும் போய்விடும், காய்ந்த பிறகு யாராலும் பார்க்க முடியாது.

பூவும் காயும் இருந்தால் கட்டாயம் சேருங்கள். உதிர்ந்து கிடக்கும் பழம், விதை என்றால் அதே மரத்தினுடையதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒரு கடித உறையில் போட்டு அதே இலக்கம் எழுதுங்கள். சிறு பூண்டுகளை வேரோடு எடுத்து மண்ணைத் தட்டுங்கள். ஆனால் அந்த இடத்தில் ஒன்றிரண்டுதான் நிற்கிறது என்றால் தொடாதீர்கள், படம் மட்டும் எடுங்கள். 20 நின்றால் ஒன்று என்பது சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கார்த்திகைப்பூக் கொடியில் கிழங்கைத் தோண்டவே வேண்டாம், அது நஞ்சு, தோண்டினால் அடுத்த கார்த்திகைக்குக் கொடியும் இல்லை. மேல்கொடி போதும்.

சில மரங்களில் ஆண் வேறு, பெண் வேறு. முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீரை மரத்தடியில் நின்று பழம் தேடிக்கொண்டிருந்தேன், மாட்டோடு வந்த ஐயா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உது காய்க்காது தம்பி, உது ஆண் வீரை. அங்காலை நிக்கிறதுதான் பெண், அதிலை போய்ப் பார்” என்றார். போய்ப் பார்த்தேன், சிவப்புப் பழம் கொத்தாக நின்றது. இரண்டு மரத்திலும் குழை எடுத்தேன், ஆனால் ஒரே இலக்கத்தில் இல்லை. இரண்டு மரம் என்றால் இரண்டு இலக்கம்.

கை கவனம். நந்திக்கடல், கொக்கிளாய் மாதிரிக் களப்புக் கரைகளில் தில்லை மரத்தைக் கண்டால் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பார்வையைச் சில நாள் மறைத்துவிடும் அளவுக்கு எரிக்கும். எருக்கம் பாலும் கண்ணுக்கு ஆகாது. கையுறை போட்டு வெட்டி, பால் வடிந்து நின்ற பிறகு பேப்பரில் வையுங்கள்.

கொப்பியில் எழுதுவது

மரத்தடியில் நின்றே எழுதுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி விட்டேன். ஒரே நாளில் கனகராயன் ஆற்றோரத்திலும் மாங்குளம் காட்டோரத்திலும் எடுத்த குழைகள் ஒரே பைக்குள் கலந்துவிட்டன. எல்லாம் அழகாகக் காய்ந்து வந்தன, ஆனால் எது எங்கே எடுத்தது என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. ஆய்வுக்கு அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை, இன்றைக்கும் தனிக் கட்டாக அலுமாரியில் இருக்கின்றன.

முதலில் இலக்கம். நீங்கள் எடுக்கும் முதல் மாதிரி 1, அடுத்தது 2, அப்படியே வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து போக வேண்டும். புது வருடம், புது ஊர் என்று திரும்ப 1இல் தொடங்கக் கூடாது. அதே இலக்கத்தை அட்டைத் துண்டில் எழுதிக் குழையிலேயே கட்டுங்கள்.

பிறகு இடம். வெறுமனே புளியங்குளம் என்று எழுதினால் எந்தப் புளியங்குளம் என்று யாருக்குத் தெரியும்? வன்னியில் பாதி ஊர் குளத்தில்தான் முடிகிறது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, பக்கத்து வீதி, எந்தச் சந்தியிலிருந்து எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள். போனில் ஜிபிஎஸ் எண்ணும் எடுங்கள், சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். எழுதிய பிறகு ஒரு தடவை சரிபாருங்கள்: வன்னியில் எங்கே நின்றாலும் அகலாங்கு 8 அல்லது 9 பாகையிலும் நெட்டாங்கு 79 அல்லது 80 பாகையிலும்தான் தொடங்கும். வேறு எண் வந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

காய்ந்த பிறகு காணாமல் போகிற விடயங்களுக்கு முதலிடம் கொடுங்கள். மரத்தின் உயரம், பட்டை எப்படி இருக்கிறது, பால் வருகிறதா, பூவின் நிறம், கசக்கினால் வரும் வாசனை. முதிரை இலையையோ விளாத்தி இலையையோ வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல வெளிச்சப் புள்ளிகள் தெரியும், அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கறிவேப்பிலை, எலுமிச்சை எல்லாம் அதே குடும்பம். மண் செம்மண்ணா, மணலா, குளத்துக் களியா, பக்கத்தில் வேறென்ன நிற்கிறது என்பதையும் எழுதுங்கள்.

ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதுங்கள், யார் எந்த ஊரில் சொன்னது என்ற விவரத்தோடு. இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எங்களுக்குக் கருங்காலி என்றால் கறுப்பு வைரம் பாய்ந்த டயோஸ்பைரஸ் எபினம். தமிழ்நாட்டுச் சித்த மருந்துக் கடையில் கருங்காலி என்று கொடுப்பது வேறு மரம், அக்கேசியா கட்டெச்சு. பாலையும் அப்படித்தான், எங்கள் பாலை மனில்காரா ஹெக்சான்ட்ரா, அங்கே வெப்பாலை, ஏழிலைப்பாலை என்று பாலைகள் பல. பெயர் இப்படி இடத்துக்கு இடம் மாறும்போது, ஊர்ப் பெயர் எழுதிய காய்ந்த குழை ஒன்று கையில் இருந்தால் இவர்கள் சொன்னது இந்த மரத்தை என்று எப்போதும் காட்டலாம். மருந்துக்கு எந்தப் பகுதியைப் பாவிப்பார்கள் என்று சொன்னால் அதையும் சேருங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

அழுத்துவது

முடிந்தால் அங்கேயே அழுத்துங்கள், இல்லாவிட்டால் பையை ஊதிக் கட்டி நிழலில் வைத்து அன்று மாலைக்குள். ஒரு மட்டை, அதன் மேல் மடித்த இரண்டு மூன்று பேப்பர், பிறகு செடி வைத்த பேப்பர், மறுபடி வெறும் பேப்பர், மட்டை. இப்படியே அடுக்கிக்கொண்டு போய் மேலே தட்டியை வைத்து, முழங்காலால் அமுக்கிப் பிடித்து ரியூப்பை இழுத்துக் கட்டுங்கள்.

செடியைப் பேப்பரில் பரப்புவதில் அவசரம் வேண்டாம். எல்லா இலையும் முகம் காட்டிக்கொண்டிருந்தால் முதுகு யாருக்கும் தெரியாது, நரம்பும் மயிரும் தெரிவது முதுகில்தான். அதனால் ஒன்றிரண்டு இலையைப் புரட்டி வையுங்கள். இலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருங்கினால் சிலவற்றை வெட்டிவிடலாம், ஆனால் காம்பில் ஒரு துண்டு நிற்க வேண்டும், அப்போதுதான் அங்கே இலை இருந்தது என்று பார்ப்பவருக்கு விளங்கும். நீளமான புல்லை இரண்டாகவோ மூன்றாகவோ மடியுங்கள். கார்த்திகைப்பூ இலையில் நுனி மெலிந்து சுருள் கம்பி மாதிரிப் பக்கத்துச் செடியைப் பற்றிக்கொண்டிருக்கும், அந்தக் கொடி ஏறுவதே இலை நுனியால்தான். இழுத்தால் முறிந்துவிடும். விரலால் மெதுவாகச் சுற்றை அவிழ்த்து, பேப்பரில் வைத்து, அது திரும்பவும் சுருள விட்டு, அப்படியே மூடுங்கள். பூ இதழ்களை ஒன்றொன்றாக விரித்து, அடிப்பக்கம் மஞ்சள், நுனி சிவப்பு என்று கொப்பியில் எழுதுங்கள், காயும்போது நிறம் மங்கிவிடும்.

அடுத்த நாளே கட்டை அவிழ்த்துப் பேப்பர் மாற்ற வேண்டும். ஈரத்தில் பெரும் பங்கு முதல் நாளில்தான் வெளியே வரும், அந்த ஈரப் பேப்பருக்குள்ளேயே கிடந்தால் இலை அவிந்து கறுத்துவிடும். செடி தளர்ந்து படிந்திருக்கும் என்பதால் மடிந்த இலைகளை நிமிர்த்தவும் அதுதான் தருணம். முதல் மூன்று நான்கு நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். மெல்லிய இலை ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், பாலை, வீரை மாதிரித் தடித்த இலைக்கு இன்னும் சில நாள் கொடுங்கள். ஈரப் பேப்பரை எறியாதீர்கள், வெயிலில் போட்டால் திரும்பப் பாவிக்கலாம், சோளகத்தில் பறக்காமல் மேலே ஒரு கல் வையுங்கள்.

ஒரு மார்கழியில் இரணைமடுப் பக்கம் எடுத்த கட்டை, மழை விடவில்லை என்று மூன்று நாள் அவிழ்க்காமல் வைத்துவிட்டேன். திறந்தபோது பூஞ்சண மணம்தான் முதலில் வந்தது, இலையெல்லாம் கறுத்து, சாம்பல் மயிர் படர்ந்து பேப்பரோடு ஒட்டியிருந்தது. அதற்குள் வாய்க்கால் ஓரத்தில் எடுத்த ஒரு சின்னப் பூண்டும் போய்விட்டது, பிறகு அதே இடத்தில் எத்தனையோ தடவை தேடியும் அது கிடைக்கவில்லை. அதன் பிறகு மழைக்காலத்தில் கட்டை அடுப்படிப் பக்கம், புகை படாத, சூடு மட்டும் படுகிற இடத்தில் வைக்கிறேன். மேலும் கீழும் திறந்த பெட்டிக்குள் குண்டு பல்ப் எரியவிட்டு மேலே கட்டைக் குறுக்கே வைப்பவர்களும் உண்டு, கை பொறுக்கிற சூடாக இருக்க வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அடியைப் பிடித்துத் தூக்கினால் தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும்.

கள்ளி, கற்றாழை மாதிரிச் சதைப்பிடிப்பான செடிகள் கட்டுக்குள்ளேயே கிழமைக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவற்றை நீளவாக்கில் பிளந்து, கொதிநீரில் சில விநாடி முக்கி, துடைத்துவிட்டு அழுத்துங்கள். மரபணு ஆய்வுக்கும் வேண்டும் என்றால் பழுதில்லாத இளம் இலைத் துண்டு ஒன்றை, அதன் நிறையைப் போலப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பைக்குள் தனியாகப் போட்டு அதே இலக்கம் எழுதுங்கள். ஒரே நாளில் காய்ந்தால்தான் மரபணு சிதையாமல் இருக்கும்.

காய்ந்த பிறகு

பூச்சிதான் எதிரி. பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்த உடனே பையைத் திறக்காதீர்கள், அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள், இல்லாவிட்டால் இலையில் நீர் கோத்துவிடும்.

ஒட்டும் தாள் அமிலம் இல்லாத தடித்த வெள்ளைத் தாள், சுமார் 29க்கு 42 சென்ரிமீற்றர். வெள்ளைப் பசை, தடித்த காம்புக்கு நூல் தையல். செலோரேப்பும் லமினேட்டும் வேண்டாம், ரேப் மஞ்சளாகி உரிந்துவிடும், லமினேட் செய்ததைப் பிறகு யாராலும் தொட்டுப் பார்க்க முடியாது. வலது கீழ் மூலையில் லேபல்: பெயர் தெரிந்தால் பெயர், இடம், தேதி, குறிப்பு, எடுத்தவர், இலக்கம். உதிர்ந்த பூ, விதைக்குச் சின்னக் காகித உறை ஒன்றை அதே தாளில் ஒட்டிவிடுங்கள்.

முதலிலேயே ஒரே மரத்தில் மூன்று குழை எடுத்து மூன்றுக்கும் ஒரே இலக்கம் போட்டிருந்தால் இப்போது உதவும். ஒன்று பேராதனைத் தாவரவியல் பூங்காவில், காய்ந்த மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் தேசிய உலர்தாவரகத்துக்கு, ஒன்று யாழ்ப்பாணம் அல்லது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு, ஒன்று உங்களிடம். கொண்டுபோவதற்கு முன் எழுதிக் கேளுங்கள், அனுமதிக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் இனத்தை உறுதிப்படுத்திச் சொல்லும்போது உங்கள் லேபலில் இருக்கிற பழைய பெயரை அழிக்காதீர்கள். புதிய பெயர், சொன்னவர், தேதி மூன்றையும் ஒரு சிறு துண்டில் எழுதி லேபலுக்கு மேலே ஒட்டுங்கள், கொப்பியிலும் அந்த இலக்கத்துக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள்.